பழி கத்தரிக்காய் மேல்

பிள்ளையின் உடம்பெல்லாம் திடீரென்று தடித்துச் சிவந்து, அரிப்புத் தாங்காமல் அழுதால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது "என்ன தின்னே?" என்றுதான். கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று பழி நீளும். ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் பூச்சிக்கடி என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். ராத்திரியோடு ராத்திரியாக அவசர சிகிச்சைக்குத் தூக்கிப்போனால், மருத்துவர் இன்னொன்றையும் கேட்பார்: "சமீபத்தில் சளி, காய்ச்சல் இருந்ததா?"

குழந்தைகளுக்குத் திடீரென வரும் இத்தகைய தடிப்புக்கு, அதாவது காணாக்கடிக்கு, தெரிந்த காரணங்களில் முதலிடம் நோய்த்தொற்றுக்குத்தான், பெரும்பாலும் வைரஸ். உணவும் மருந்தும் அதற்கு அடுத்தே வருகின்றன. காரணமே பிடிபடாத பிள்ளைகளும் நிறையப் பேர்.

தோலில் ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. 1878-இல் மருத்துவ மாணவராக இருந்த பால் எர்லிக் சாயமேற்றிக் கண்டு பெயரிட்டவை இவை. தூண்டப்பட்டால் இவை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். உடனே நுண்குழாய்கள் கசிந்து தோல் வீங்கும். நரம்பு முனைகள் அரிப்பைக் கிளப்பும். ஒரு தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். அதற்குள் வேறிடத்தில் இன்னொன்று எழும்பும்.

உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே நேற்றைய குழம்பைக் குற்றம் சொல்வது அநேகமாகப் பொருந்தாது. முட்டை, பால், வேர்க்கடலை, மீன், இறால் தின்ற கையோடு தடித்தால் சந்தேகிக்கலாம். தேனீ, குளவி கொட்டினாலும் அப்படித்தான்.

மருந்து விஷயம் சிக்கலானது. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த மூன்றாம் நாள் தடித்தால், மாத்திரையும் காரணமாகலாம், காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமியும் காரணமாகலாம். அதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும். நாமாக முடிவுகட்டினால், நல்லதொரு மருந்து பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க விலக்காகிவிடக்கூடும்.

வெறும் தடிப்பு என்றால், வயதுக்கும் எடைக்கும் ஏற்ப மருத்துவர் தரும் செட்டிரிசின் போன்ற மருந்தே பெரும்பாலும் போதும். தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், அடுத்தடுத்து வாந்தி, மயக்கம் வந்தால் அது உயிராபத்து. சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் காப்பாற்றும். உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்ற நேரங்களில் பதற்றம் வேண்டாம். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் தடிப்பு மறைந்துவிடலாம் என்பதால், கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.