ஆற்றுக்கு ஆண்டை உண்டு, அலைக்கு?

மீன் பிடிப்பது பொழுதுபோக்காம்! அதற்கென்று படகாம், கோலாம், கருவியாம், கழகமாம்! கேட்டால் சிரிப்பு வருகிறது நம் காசிமேட்டுத் தோழருக்கு. வயிற்றுக்காக வலை வீசுபவர் அவர். விடியுமுன் அலையோடு மல்லுக்கு நிற்பவர். அவரிடம் போய், "இங்கிலாந்திலே ஞாயிற்றுக்கிழமை வந்தால் சின்னஞ்சிறு படகில் ஏறிக் கடலுக்குப் போகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள், பிடித்த மீனில் பலவற்றைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்" என்று கூறினால், "கொழுப்பு!" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுவார்.

தீர்ப்புக்கு முன் வழக்கைக் கேட்கவேண்டும் என்பது நமது கட்சி. அந்தச் சிறு படகில் ஏறுபவர் யார்? கோட்டையில் வாழும் கோமகனா? கோமகனுக்குக் கடல் எதற்கு? அவனிடம் ஆறு இருக்கிறது! ஆம், தோழர்களே, ஆறே இருக்கிறது. அலை ஏறாத ஆற்றிலே மீன்பிடிக்கும் உரிமை, கரைநிலத்துக்குச் சொந்தக்காரனுக்கே என்பது அந்நாட்டுச் சட்டம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மீன் நீந்திக்கொண்டே இருக்கும். ஆனால் உரிமை மட்டும் ஒருவன் வீட்டுப் பத்திரத்திலே படுத்திருக்கும்! ஹாம்ப்ஷயரில் டெஸ்ட் என்றோர் ஆறு. பளிங்கு போன்ற நீர். 1822-ல் அதன் கரையிலே ஹாட்டன் கழகம் என்று ஒன்றை நிறுவினார்கள். அதில் உறுப்பினராகும் பேறு விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே.

இன்னொன்று கேளுங்கள். ஆற்று மீனிலே அங்கே இரண்டு வகை சொல்வார்கள். சால்மனும் டிரௌட்டும் வேட்டைக்குரிய மேலான மீன்கள். மற்றவையெல்லாம் முரட்டு மீன்கள். மேலானது சீமானுக்கு, முரட்டு மீன் ஆலைத் தொழிலாளிக்கு, அவன் சங்கம் சேர்த்துக் காசு கட்டி வாடகைக்கு எடுக்கும் கால்வாயிலும் குளத்திலும். மனிதனை நான்காக வகுத்தார்களே என்று நாம் நெஞ்சு கொதிக்கிறோம். அங்கே மீனுக்கே இரண்டு வருணம்!

வருணம் இருந்தால் தண்டனையும் இருக்கும் அல்லவா? 1723-ல் ஒரு சட்டம் பிறந்தது. கறுப்புச் சட்டம் என்பது அதற்கு வழங்கிய பெயர். ஆயுதம் ஏந்தி, முகத்திலே கரி பூசி மறைத்துக்கொண்டு போய், மானைக் கொன்றாலும் தூக்கு, முயலைத் திருடினாலும் தூக்கு, ஆற்றிலோ குளத்திலோ மீனைத் திருடினாலும் தூக்கு! அதன் பெரும்பகுதி நீங்க 1823 ஆயிற்று. நூறாண்டு! மீனுக்காக மனிதன் கழுத்து!

இந்த வேலிக்கு அப்பால்தான் கடல் கிடந்தது. அலை ஏறி இறங்கும் நீரிலே மீன் பிடிப்பது பொதுமக்கள் உரிமை; 1215-ல் எழுந்த மகாசாசனத்துக்குப் பின்னர் அந்த நீரைப் புதிதாக எவருக்கும் தனியுடைமையாக்கி வழங்க மன்னனுக்கே அதிகாரம் இல்லை என்று வழக்குமன்றங்கள் பொருள் கூறின. ஆற்றில் தூண்டில் போட 13 வயதுச் சிறுவனுக்கும் அங்கே உரிமச்சீட்டு வேண்டும். கடலிலே கோல் பிடிப்பவனுக்கு வேண்டியதில்லை. எனவே, அந்தப் படகிலே ஏறுகிறவர் கொத்தனார், லாரி ஓட்டுபவர், சுரங்கம் இருந்த காலத்தில் நிலக்கரி வெட்டியவர். ஆற்றங்கரையில் "அந்நியர் நுழையாதே" என்ற பலகையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர், பலகை நட முடியாத இடத்துக்குப் போகிறார். கொழுப்பா இது?

கடல் இருந்தால் போதுமா? போய்வர ஒரு நாள் வேண்டாமா? 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. ஆண்டுக்குச் சில நாட்கள் விடுதலை. சம்பளத்தோடு ஒரு வார விடுப்பு என்ற பேச்சு, சட்டமாகத் தலைகாட்டியது 1938-ல்தான். இடையிலே எத்தனை கூட்டம், எத்தனை கதவடைப்பு! ஓய்வு என்பது வானத்திலிருந்து விழுந்த மன்னா அல்ல. நம் சென்னைக் கடற்கரையிலே 1923-ல் மே நாள் விழா நடத்தி, உழைப்பவனுக்கு ஒரு நாள் உண்டென்று முழங்கினாரே சிங்காரவேலர், அவர் மீனவர் குடியிலே பிறந்தவர் என்பதை நாம் நினைத்துப் பார்க்கிறோம். கடலும் ஓய்வுரிமையும் ஒரே மணலில் நின்ற நாள் அது.

இனிப் படகைப் பார்ப்போம். வடகிழக்கு இங்கிலாந்திலே கோபிள் என்று ஒரு மரப்படகு. பலகைமேல் பலகை படிய அடித்து, முன்னணியத்தை உயர்த்தி, பின்பாதியின் அடியைத் தட்டையாக வைத்திருப்பார்கள். துறைமுகம் இல்லாவிட்டாலும் மணற்கரையிலிருந்தே அலையைக் கிழித்து இறக்கலாம், கரைக்கே இழுத்தும் ஏற்றலாம். நம் கரைக்காரர் பார்த்தால் நொடியில் புரிந்துகொள்வார். அது வலைக்காரன் படகு. விடுமுறைக்காரனை வாடகைக்கு ஏற்றிக்கொண்டதும் அதுவே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கண்ணாடி இழைப் படகு பரவியது. பதினான்கு, பதினாறு அடி நீளம். காருக்குப் பின்னே வண்டியில் கட்டி இழுத்துவரலாம். வீட்டு வாசலிலே நிறுத்தலாம். இரட்டை அடிக்கூடு வைத்த படகும் உண்டு. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் கட்டமரான்! நம் கட்டுமரம்தான் தோழர்களே. டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் அச்சிட்ட பயண நூலிலேயே அந்தச் சொல்லைக் காண்கிறோம். மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவைக்கும் அந்தப் படகுக்கும் அமைப்பிலே உறவு குறைவு. பெயர் மட்டும் கப்பலேறிப் போய் அங்கே குடியுரிமை பெற்றுவிட்டது.

படகின் பின்னே மாட்டும் எஞ்சினுக்கும் ஒரு கதை உண்டு. ஓலே எவின்ரூட், நார்வேயிலே பிறந்து அமெரிக்காவிலே பட்டறைத் தொழிலாளியாக வளர்ந்தவர். ஏரிக்கரையிலே வெயில்; உடனிருந்த நங்கை பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாள்; அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிப் போயிற்று; அந்த எரிச்சலில் பிறந்தது எஞ்சின் என்பார்கள். 1909-ல் அவர் செய்து விற்றது ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது. எடை 62 பவுண்டு. அவருக்கு முன்னும் சிலர் முயன்றதுண்டு. ஆனால் ஒருவர் தோளில் தூக்கிவந்து படகிலே மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகும் பழக்கத்தை ஊரெங்கும் பரப்பியவர்களில் அவர் முன்வரிசை. சுருட்டு பிடித்தபடி முதலாளி கண்டதல்ல அந்தக் கருவி. துடுப்பு வலித்த தோள் கண்டது.

ரீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை நாலைந்து சுற்றுச் சுற்றும், உள்ளே பற்சக்கரம். மீன் வெறிகொண்டு இழுத்தால் நூல் அறுந்துபோகாதா? போகாது. குறித்து வைத்த அளவுக்கு மேல் இழுவை வந்தால் உருளை வழுக்கி நூலைக் கொடுக்கும். மீன் களைக்கும்போது நாம் சுற்றிக்கொள்ள வேண்டும். விட்டுக்கொடுத்துப் பிடிக்கும் இந்தக் கலை நம் தொழிற்சங்கத் தோழர்களுக்குப் புதிதல்ல. சுவீடனிலே ஸ்வாங்ஸ்டா என்ற சிற்றூரில் 1921-ல் ஒரு கடிகார ஆலை தோன்றியது. டாக்சி மீட்டரும் செய்தது. போர் வந்தது, டாக்சி நின்றது, மீட்டர் வாங்க ஆளில்லை. மீட்டருக்குப் பற்சக்கரம் கடைந்த கைகள் ரீலுக்குக் கடையத் தொடங்கின. 1952-ல் அங்கிருந்து வெளிவந்த 'அம்பாசடர்' ரீலை இன்றும் தூண்டிற்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

நூலின் வரலாறும் அப்படித்தான். முன்பு சணல் இனத்து லினன் நூல். ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். பிறகு நைலான், நம் கரையில் தங்கூசி என்கிறோமே, அது. கோல் மூங்கில் பிளாச்சிலிருந்து கண்ணாடி இழைக்கு வந்து, 1960-களில் விமான ஆராய்ச்சிக்காகப் பிரிட்டனில் வளர்த்தெடுத்த கரி இழைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் தூண்டில் முள்ளைப் பற்றிப் பேசும்போது நம் குரல் சற்று இறங்குகிறது. கடல் வாடையே வீசாத நடு இங்கிலாந்திலே ரெட்டிட்ச் என்று ஓர் ஊர். ஊசிக்குப் பேர்போனது; ஊசி செய்யும் கம்பியும் கையும் இருந்ததால் தூண்டில் முள்ளும் அங்கே பெருந்தொழிலாயிற்று. அந்த ஊரில், 19-ம் நூற்றாண்டிலே, ஊசிக்குக் கூர் தீட்டியவர்கள் சாணைக்கல்லுக்கு முன்னே குனிந்து உட்கார்ந்தார்கள். கல்லும் எஃகும் பொடியாகி மூச்சோடு மார்புக்குள் போயிற்று. கூலி கொஞ்சம் கூட. ஆயுள் மிகக் குறைவு. அவர்களிலே நடுவயதைக் கண்டவர் அரிது. அந்நோய்க்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். மீனின் வாயிலே முள் தைத்ததைப் பாடினார்கள் பொழுதுபோக்கு ஏடுகளிலே. ஊசியின் கூர் மனிதன் நுரையீரலில் தைத்ததை யார் பாடினார்?

கருவி இருந்தால் மட்டும் மீன் வந்துவிடாது. எஸ்ஸெக்ஸ் கரையிலே தண்ணீர் ஆழமில்லை. படகின் சத்தத்துக்கே காட் மீன் விலகிப் போய்விடும். 1970-களில் அங்கே ஒரு முறையைக் கண்டார்கள். நங்கூரமிட்ட படகிலிருந்து, நீரோட்டம் வருகிற திசையை நோக்கி, ஒன்பது, பத்தடிக் கோலால் தூர வீச வேண்டும். ஈயக்குண்டிலே கம்பிக்கால்கள் உண்டு. அவை தரையைப் பற்றிக்கொள்ளும். நூலைக் கொஞ்சம் தளர விட்டால் ஓட்டத்திலே வில்லாக வளைந்து நிற்கும். மீன் இரையைக் கவ்வி இழுத்ததும் குண்டு பெயரும், கோல் நுனி தலை நிமிரும், நூல் தொய்யும். இழுத்தால் மீன் என்பது போய், தொய்ந்தால் மீன் என்றாயிற்று! தாமே படகோட்டித் தாமே தூண்டில் போட்டவர்கள் கண்ட நுட்பம் இது.

நங்கூரத்தை எப்போதும் முன்னணியத்திலேதான் கட்ட வேண்டும் என்பதை அங்கே புதிதாகப் படகு வாங்குவோருக்கு முதலில் சொல்லித் தருகிறார்கள். பின்புறத்தில் கட்டினால், எஞ்சின் எடையும் ஓட்டத்தின் இழுப்பும் சேர்ந்து பின்பலகை அமிழ்ந்து, தண்ணீர் உள்ளே புரண்டு, நொடியில் படகு முழுகும். அப்படி ஆபத்து நேரும்போது ஓடிவரும் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1824-ல் தோன்றியது. அதன் படகோட்டிகளில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

ஏழைக்குத் திறந்த கடலில் பணக்காரர் நுழையாமல் இருப்பாரா? 1930-ல் நுழைந்தார்கள். ஸ்கார்பரோவுக்கு அப்பால், ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நீலத்துடுப்புச் சூரை வந்தது. ஆளைவிடப் பெரிய மீன்! உல்லாசக் கப்பல்கள் வரிசை கட்டின. 1933-ல் சூரைக் கழகமே நிறுவினார்கள். அதே ஆண்டில் மிட்செல்-ஹென்றி என்பவர் 851 பவுண்டு எடையுள்ள சூரையைப் பிடித்தார். கப்பலில் வந்தாலும் பிடித்ததென்னவோ சிறு படகிலிருந்துதான். மீன் இழுத்த இழுப்புக்கெல்லாம் படகைத் திருப்பி, கோல் பிடித்தவர் கவிழாமல் காத்தவன் துடுப்புக்காரன். பரிசுப் பலகையில் ஏறுவதோ கோல் பிடித்தவர் பெயர்!

1950-களில் சூரை மறைந்தது. ஹெர்ரிங்கோ வலைக்கு மேல் வலையாக வாரப்பட்டு, 1977-ல் வடகடலிலே அதைப் பிடிப்பதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. சூரை மீண்டும் தென்மேற்குக் கரையில் தலைகாட்டிய பிறகு, 2021-ல் அனுமதி பெற்ற சில படகுகள் அதைப் பிடித்து, அடையாளக் குறி பொருத்தி, உயிரோடு விட்டன. நம் தோழர் சிரித்தாரே, "பிடித்து விடுவதா?" என்று, மீனின் வழியும் எண்ணிக்கையும் அறிய அதுவும் ஒரு வழி.

தொழிலாளியின் தூண்டிலுக்கே நெருக்கடி வந்தது பாஸ் மீனால். நம் கொடுவாவை நினைவூட்டும் வெள்ளி மீன் அது, முதுகிலே முள். ஆண்டுக்கு ஆண்டு அது குறைந்தது. 2015-ல் ஆணை பிறந்தது: பொழுதுபோக்குத் தூண்டிற்காரர் நாளொன்றுக்கு மூன்று மீனுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. குறைந்த அளவும் 42 சென்டிமீட்டராயிற்று. ஏற்றார்கள். 2016-ல் ஆணை இறுகியது: முதல் ஆறு மாதம் ஒன்றுகூடக் கூடாது, பிடித்தால் விட்டுவிடு, பிந்திய ஆறு மாதம் நாளுக்கு ஒன்று. அதே 2016-ல் நிலைவலைப் படகுக்கு எவ்வளவு? மாதத்துக்கு ஒரு டன்னுக்கு மேல்! ஒரு முள்ளிலே ஒரு மீனைப் பிடிப்பவன் கையை உதறிவிட்டு வீடு திரும்ப வேண்டும். சுவர் எழுப்பியதுபோல் வலை கட்டுபவன் டன் கணக்கில் அள்ளலாம். வலைக்காரரும் உழைப்பாளர்தாம்; அவர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை நாம். குறைத்தால் இருவருக்கும் குறை என்றுதான் தூண்டிற்காரர் சங்கங்கள் கேட்டன. மனு கொடுத்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களை விடாமல் பிடித்தார்கள், கணக்கை எடுத்துக் கணக்காலேயே பேசினார்கள்.

2017-ல் நிலைவலைக்கும் வெட்டு விழுந்தது: வேறு மீனோடு தற்செயலாக அகப்படும் பாஸ் மட்டும், அதுவும் மாதத்துக்கு 250 கிலோ வரையில். 2018-ல் தூண்டிற்காரருக்கு ஆண்டு முழுவதும் ஒன்றுமில்லை என்று தொடங்கிய ஆணை, அக்டோபரில் ஒன்று என்று இறங்கி வந்தது. 2020-ல், மார்ச் முதல் நவம்பர் வரையில், நாளுக்கு இரண்டாயிற்று.