தடுப்பவனுக்கு அடுத்த ஆட்டம் வேண்டும்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. கையில் 40 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அன்றே கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதியது. மினர்வா தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட, இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் விழுந்த இரண்டு கோல்களையும் போட்டவர் அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா. இருபதை ஒட்டிய வயதில் சென்னையின் பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரர் அவர். ஈஸ்ட் பெங்காலும் வென்று 42 புள்ளிகளைத் தொட்டதால், டிரா ஆகியிருந்தாலே கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43 புள்ளிகளோடு சென்னை சாம்பியன் ஆனது. போராவின் பெயரைப் பலர் அறிந்துகொண்டது அந்த இரண்டு கோல்களால்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கோல் விழாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையை ஒரு இளைஞன் எப்படிக் கற்கிறான் என்பதை நம் ஊர்கள் புரிந்துகொண்டால், கால்பந்துக்கு நாம் செய்யவேண்டியது என்ன என்பதும் தெளிவாகும்.

முன்கள வீரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதை வீணடித்து ஒன்றைக் கோலாக்கினால் அன்றைய நாயகன் அவர்தான். தடுப்பாட்டக்காரர் தொண்ணூறு நிமிடத்தில் ஒரே ஒருமுறை தவறினால் தோல்விக்கு அவரே பொறுப்பு. பந்தைப் பார்த்துக்கொண்டே தோளுக்குப் பின்னால் ஓடும் எதிராளியையும் கவனிக்க வேண்டும். பந்தோடு வருபவன் மேல் பாயாமல், உடலைச் சற்றே திருப்பி நின்று அவனை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ள வேண்டும். ஆஃப்சைடு பொறி வைக்கப் பின்வரிசையின் நால்வரும் ஒரே நொடியில் முன்னேற வேண்டும். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் பொறி பாழ். கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்களுக்கு இதைக் கபடியை வைத்தே சொல்லலாம்: பாடி வருபவனின் காலைப் பிடிக்க ஒருவன் அவசரப்பட்டால் சங்கிலி மொத்தமும் அறுந்துபோகும். வேகமும் உயரமும் ஓரளவு பிறப்பிலேயே வரலாம். எப்போது பாய்வது, எப்போது காத்திருப்பது என்ற கணிப்பு ஆடி ஆடி மட்டுமே வரும்.

தேர்ந்த தடுப்பாட்டக்காரர்களின் தொடக்க ஆண்டுகள் இதையே சொல்கின்றன. சண்டிகரைச் சேர்ந்த சந்தேஷ் ஜிங்கன், யுனைடெட் சிக்கிம் அணிக்காக இரண்டாம் பிரிவு ஐ-லீக்கில் ஆடித் தொடங்கியவர். 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அவரைத் தொடர்ந்து களமிறக்கியது. அந்த முதல் ஐஎஸ்எல் பருவத்திலேயே வளரும் வீரர் விருது பெற்றார், மறு ஆண்டே இந்திய அணிக்கு ஆடினார். மலப்புரத்துக்காரர் அனஸ் எடத்தொடிகா மும்பை எஃப்சி, புனே எஃப்சி என்று பல பருவங்கள் உழைத்த பிறகு, 2017இல் தமது 30ஆம் வயதில்தான் முதன்முறை இந்தியச் சட்டை அணிந்தார். நெதர்லாந்தின் விர்ஜில் வான் டைக்கை அவர் வளர்ந்த வில்லம் II கிளப் தக்கவைத்துக்கொள்ளவில்லை. குரோனிங்கன், செல்டிக், சவுத்தாம்ப்டன் என்று படிப்படியாக ஏறித்தான் 2018இல் ஏழரைக் கோடி பவுண்டு மதிப்பில் லிவர்பூலுக்குப் போனார்.

இதற்கு மறுப்பு உண்டு. பாவ்லோ மால்தினி 1985இல் 16 வயதிலேயே ஏசி மிலானுக்கு ஆடவில்லையா, உண்மையான திறமை சீக்கிரமே வெளிப்பட்டுவிடாதா என்று கேட்கலாம். ஆனால் மால்தினி தன்னந்தனியாக வளர்ந்தவர் இல்லை. பிராங்கோ பரேசி என்ற பெரும் தடுப்பாட்டக்காரரின் பக்கத்தில், ஏறக்குறைய மாறாத பின்வரிசையில், வாராவாரம் ஆடும் பேறு அவருக்குக் கிடைத்தது. அவர் கதையிலிருந்து திறமையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பது பாதி உண்மைதான்.

இன்னொரு மறுப்பு கிளப்புகளுடையது: புள்ளிகளுக்காகப் போராடும் அணி, சிறுவர்கள் தவறு செய்து கற்கட்டும் என்று எப்படி விட்டுவைக்கும்? நியாயமான கவலைதான், சென்னை சிட்டியின் வரலாறே அதற்குப் பதில். 2016-17இலும் அடுத்த பருவத்திலும் அந்த அணி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. ஆனாலும் வலது பின்களத்திலும் நடுக்களத்திலும் மாறி மாறி ஆடப் பழகிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற உள்ளூர் வீரர்களை அது கைவிடவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயின் வீரர்களோடு இந்த இளைஞர்களையும் சேர்த்தே அணியைக் கட்டினார். மூன்றாம் பருவத்தில் கோப்பை கிடைத்தது. இளைஞருக்கு இடம் கொடுத்ததால் புள்ளிகள் போய்விடவில்லை. எட்வின் அதே ஆண்டு ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சிக்குப் போனார். சென்னை சிட்டியின் பின்களத்தில் ஆடிய அஜித்குமார், பெங்களூரு எஃப்சிக்கும் பிறகு சென்னையின் எஃப்சிக்கும் உயர்ந்தார். சில ஆண்டுகளில் சென்னை சிட்டி தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்துபோனது பெரிய இழப்பு. அடுத்த போராக்களும் அஜித்குமார்களும் ஆடிப் பழக இருந்த ஒரு களம் அதோடு போயிற்று.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எலவனாசூர்கோட்டையிலிருந்தோ கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தோ பார்த்தால் இதெல்லாம் தொலைதூரப் பேச்சாகத் தோன்றலாம். புல்தரையும் ஒளிவிளக்கும் இல்லாத ஊருக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்பவர்கள் பக்கத்துக் கடலூரைப் பார்க்கட்டும். பழைய தென்னார்க்காட்டின் தலைநகரான அந்த ஊரிலிருந்துதான் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்களத்துக்குப் போனார். 2018இல் மணிப்பூரை வென்று தேசிய மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு கைப்பற்றியதும் நம் சிற்றூர்ப் பெண்கள் எதுவரை போகமுடியும் என்பதற்குச் சான்று.

நம் மாணவர்களுக்கு உள்ள பெரிய குறை வேறு. குறுவட்டம், மாவட்டம் என்று நடக்கும் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறை. முதல் சுற்றில் தோற்ற அணிக்கு அந்த ஆண்டு அதோடு சரி. தவறிய முன்கள வீரனுக்கு அதே ஆட்டத்தில் இன்னொரு பந்து கிடைக்கும். தவறிய தடுப்பாட்டக்காரனோ தன் பிழை இன்னதென்று உணரும் முன்பே வீட்டுக்குப் பேருந்து ஏறிவிடுகிறான். சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம், எலவனாசூர்கோட்டை பள்ளிகள் வாரந்தோறும் சனிக்கிழமை ஒன்றையொன்று சந்திக்கும் லீக் ஒன்றை நடத்தலாம். அதற்குத் தேவை இருக்கிற மண் மைதானங்கள், ஒரு விசில், போக்குவரத்துச் செலவு, விடாப்பிடியான உடற்கல்வி ஆசிரியர்கள். 2019இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் இன்னும் தன் பழக்கங்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. தோற்ற அணிக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு என்பதை அந்தப் பழக்கங்களில் ஒன்றாக்குவது மாவட்ட நிர்வாகத்தாலும் பள்ளிகளாலும் முடிகிற காரியம். அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.