மிச்சமிருக்கும் கிட்னியை அளந்து பார்த்தீர்களா?

நைனார்பாளையத்திலிருந்து டயாலிசிஸுக்குப் போகிறவர் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டும். மெஷினில் நாலு மணி நேரம்தான். ஆனால் போக, வர, காத்திருக்க என்று ஒரு நாளே போய்விடும். துணைக்கு வருகிறவரின் அன்றைய கூலியும் போச்சு. டயாலிசிஸ் செலவை முதலமைச்சர் காப்பீடு பார்த்துக்கொள்ளும், கூலியை யார் பார்ப்பார்கள்? வாரம் மூன்று தடவை என்பது பல வீடுகளில் இரண்டாகச் சுருங்குவது இப்படித்தான். சிலருக்கு இரண்டே போதும் என்பதும் உண்மை. அந்தச் சிலரில் நாம் இருக்கிறோமா என்பதைச் சிறுநீரை அளந்தால்தான் சொல்ல முடியும்.

நிறையப் போனால் சரியா?

டயாலிசிஸ் தொடங்கிய அன்றே கிட்னி அடியோடு நின்றுவிடுவதில்லை. பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். "எனக்கு நல்லாத்தான் போகுது" என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்ப முடியாது. வெறும் தண்ணீராகவும் போகலாம். அதில் எவ்வளவு யூரியா வெளியேறுகிறது என்பதே கேள்வி.

கேனும் கடிகாரமும்

டயாலிசிஸுக்கு முந்தைய நாள் காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். அப்போது போகும் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். அதன்பின் மறுநாள் ஆறு மணி வரை ஒரு சொட்டு விடாமல் சுத்தமான கேனில் பிடிக்க வேண்டும். கடைசியாக ஆறு மணிக்குப் போவதும் கேனுக்குள். மரவள்ளிக் காட்டில் வேலையாக இருக்கும்போது ஒரு தடவை வரப்போரம் ஒதுங்கிவிட்டால் கணக்கு கெட்டது. மறைக்காமல் சொல்லிவிட்டு இன்னொரு நாள் பிடியுங்கள். கேனைப் பஸ்ஸில் தூக்கிப்போகக் கூச்சமா? நன்றாகக் கலக்கி, மொத்த அளவைக் குறித்து, சின்ன டப்பாவில் மாதிரி மட்டும் கொண்டுவரலாமா என்று லேபில் முன்கூட்டியே கேளுங்கள்.

கூடவே ரத்தத்திலும் யூரியா பார்ப்பார்கள். இரண்டு டயாலிசிஸ்களுக்கு நடுவே அது ஏறிக்கொண்டே போவதால் சராசரியை எடுப்பார்கள். 24 மணி நேரத்தில் 600 மி.லி. சிறுநீர், அதில் யூரியா 600, ரத்தத்தில் சராசரி 100 என்றால், கிட்னி நிமிடத்துக்கு 2.5 மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. 2-க்குக் கீழே இறங்கினால் வாரம் இரண்டு தடவை போதாது. 3 இருந்தால்தான் பல மருத்துவர்கள் தைரியமாக இரண்டுக்குச் சம்மதிப்பார்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் சிறுநீரும் போக வேண்டும். நடுவில் நிற்பவருக்கு எடை ஏற்றம், பொட்டாசியம், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

ஒரு தடவை பார்த்த எண் நிரந்தரமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து படுத்து எழுந்தால் அதற்குள்ளேயே.

மிச்சத்தையும் கரைப்பவை

முதல் எதிரி, இடுப்பு வலிக்கென்று மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. அடுத்தது, தண்ணீரைக் கட்டுப்படுத்தாமல் மூன்று, நாலு கிலோ ஏறிப் போய்ப் படுப்பது. அவ்வளவு நீரையும் மெஷின் ஒரேயடியாக இழுக்கும்போது பிரஷர் விழும். கிட்னிக்குப் போதிய ரத்தம் போகாது.

எண் இறங்கிவிட்டால்

மூன்றாவது நாளைச் சேர்த்தாக வேண்டும். அத்தனை தடவை பஸ் ஏற முடியாதவர்கள் வயிற்று வழி டயாலிசிஸ் தமக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சுத்தமான ஒரு மூலையும், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பொறுமையும் வேண்டும்.