துண்டுத் துணிப் போர்வை

கொழும்பு நகரில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, ஒரு தையற்காரரின் மேசைக்கு அடியிலே பார்த்தால் சிறு குவியல் ஒன்று கிடக்கும். சட்டைக்கும் பாவாடைக்கும் வெட்டியது போக எஞ்சிய மூலைகளும் கீற்றுகளும் அவை. அவற்றுட் பெரும்பாலானவை குப்பைக்கே போகின்றன. அக்குவியலையே மூலதனமாகக் கொண்டு நடைபெறும் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன். அதுவே துண்டுத் துணிப் போர்வை தைத்தல். ஆங்கிலத்தில் ‘குயில்ட்’ என்பர்.

இப்போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, துண்டுகளை இணைத்து உருவாக்கிய கோலம். கீழே, ஒரே துணியாலான அடித்துணி. இடையிலே பஞ்சோ பழைய துணியோ வைத்த ஓர் அடுக்கு. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் நூலோட்டுத் தையலே அவற்றை ஒன்றாக்குகிறது.

இது நமக்குப் புறம்பான கலை என்று எண்ண வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கும் ‘காந்தா’ புகழ் பெற்றது. நம் வீடுகளிலும் குழந்தைக்கு ஏணை கட்டப் புதுச்சேலையை எவரும் தேடுவதில்லை. பலகாலம் துவைத்து மெத்தென்று ஆன பழஞ்சேலையே அதற்கு உகந்தது. மேலும், இந்த நாட்டிலே நாள்தோறும் நாம் காணும் பௌத்த பிக்குவின் சீவர ஆடை துண்டுகளால் ஆனது. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, அவ்வமைப்பிலே சீவரத்தை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் கூறினார் என்று விநய நூல் சொல்கிறது. வஸ் காலம் முடிந்தபின் வரும் கட்டின விழாவில், துணியை வெட்டித் தைத்துச் சாயமிடும் வேலை ஒரே நாளில் முடிவு பெறவேண்டும் என்பது மரபு.

துணிக்குக் கொழும்பிலே குறைவில்லை. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தன் தையல் இயந்திர வணிகத்தைத் தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையில் நெடுங்காலம் இயங்கிய நூற்பு நெசவு ஆலை இன்று இல்லை. அந்நிலத்தில் மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ஆனால் 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தபின் ஆடைத் தொழில் பெருகிற்று. அதனுடன் வெட்டுத் துண்டுகளும் பெருகின. அவற்றை நிறுத்து விற்போரும் உளர்.

இனி, இதன் இன்பத்தைப் பார்ப்போம். முதல் இன்பம் வண்ணத் தெரிவு. தனித்துப் பார்க்கையில் மங்கலாகத் தோன்றும் சாம்பல் நிறத் துண்டொன்று, குங்குமச் சிவப்பின் அருகிலே வைத்தவுடன் உயிர்பெறும். துண்டுகளைக் கட்டிலின் மேற் பரப்பி, சற்றுத் தள்ளி நின்று, கண்ணைச் சிறிது சுருக்கிப் பாருங்கள். அப்போது நிறங்கள் மறைந்து, ஒளியும் நிழலும் மட்டுமே தெரியும். கோலம் சரியா தவறா என்பது அந்த நொடியிலேயே புலப்பட்டுவிடும். இன்னோர் இன்பம் கையின் தாளம். நூறு தையல்கள் கடந்தபின் ஊசி தானே வழியறிந்து செல்வதுபோல் தோன்றும். மனமும் அதனோடு அமைதியுறும்.

துன்பங்களோ கணக்கிலிருந்து தொடங்குகின்றன. ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள போர்வையை மூன்றங்குலச் சதுரங்களால் அமைக்க, 560 துண்டுகள் வேண்டும். ஓரத்திற்குக் கால் அங்குலம் விடவேண்டுமாதலால் ஒவ்வொன்றையும் மூன்றரை அங்குலமாக வெட்டவேண்டும். எனவே துணியிற் கால்பங்குக்கும் மேலே தையலுக்குள் மறைந்துவிடுகிறது. ஒரு வரிசையில் 20 துண்டுகள். அவற்றிடையே 19 தையல்கள். ஒவ்வொரு தையலிலும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால், இரு துணியிலும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு குறையும். வரிசை முடியும்போது இரண்டே கால் அங்குலத்துக்கும் மேலே குறைந்திருக்கும்! ஒரு தையலில் கண்ணுக்கே தெரியாத பிழை, போர்வையின் ஓரத்திலே வந்து நின்று சிரிக்கும். ஆதலால், ஒவ்வொரு வரிசையையும் தைத்தவுடன் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

அடுத்தது துணியின் குணம். பருத்தியும் நைலெக்ஸும் ஒரே போர்வையில் இணங்கி வாழா. ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. புதுத்துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துதல் வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுமா என்று ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். இழையோட்டத்துக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டிய துண்டு இழுபடும். அதனை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தலாமேயன்றித் தேய்த்து இழுத்தலாகாது.

கொழும்பின் காலநிலையும் தன் பங்குக்குத் தொல்லை தரும். கடற்கரையை அடுத்த வெள்ளவத்தை வீடுகளில் உப்புக்காற்று ஊசியையும் கத்தரிக்கோலையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய குண்டூசி வெண்துணியில் விட்ட கறை எளிதிற் போகாது. மழைக்காலத்திலே அலுமாரிக்குள் மடித்து வைத்த பஞ்சடைத்த போர்வை பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் நமக்குத் தடித்த பஞ்சு வேண்டா. இடையடுக்காகப் பழைய பருத்திச் சேலையோ படுக்கைவிரிப்போ போதும். துவைப்பதும் எளிது, உலர்வதும் விரைவு. மூன்று அடுக்குகளையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழையோட்டிக் கொண்டால், அடித்துணியில் மடிப்பு விழாது.

இவை யாவற்றிலும் பெரிய துன்பம், முடியாமலே கிடக்கும் போர்வையாகும். உற்சாகத்தோடு தொடங்கிய வேலை, பாதியில் ஒரு பையினுள் ஆண்டுக்கணக்காக உறங்கும். “கடையிலே மலிவாக வாங்கலாமே” என்ற வீட்டாரின் சொல்லும் கையைத் தளரச் செய்யும். விலையை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மையே. உழைத்த மணிகளைக் கூலியாகக் கணக்கிட்டால் எந்தக் கையால் தைத்த போர்வையும் கட்டுபடியாகாது.

ஆனால் கடையில் வாங்க முடியாத ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரிலே, மிசூரி பெட்வே என்ற பெண்மணி, 1942இல், இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் தைத்தபோது கலைக்கூடத்தை நினைத்திருக்கமாட்டார். மறைந்தவரின் அணைப்பையே நினைத்திருப்பார்.

இச்செய்தி நமக்கு அந்நியமன்று. நம் நகரின் மாடிவீடுகள் பலவற்றில், மறைந்த தாயின் சேலைகள் அலுமாரியில் மடித்தபடி இருக்கின்றன. பிள்ளைகளோ தொரந்தோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அச்சேலைகளை உடுப்பாரில்லை, எறியவும் மனம் வராது, வெட்டவோ கை நடுங்கும். வெட்டிய துணி மீண்டும் முழுச்சேலையாகாது என்பது மெய். எனினும், மடிப்பிலேயே இற்றுப்போகும் சேலையும் எவருக்கும் உதவாது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு சேலையைப் பங்கிட முடியாது. மூன்று போர்வைகளில் அச்சேலையின் துண்டுகளை வைத்துத் தைக்கலாம். இந்தத் துண்டு எந்தத் திருமணத்துக்கு உடுத்தது, அந்தத் துண்டு எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.

புதிதாகத் தொடங்குவோர் பெரிய போர்வையிற் கை வைக்க வேண்டா. ஒரு தலையணை உறை, அல்லது குழந்தைக்கான சிறு விரிப்பு போதும். ஒன்பது சதுரங்களை நேராக இணைக்கப் பழகுங்கள். தாயின் சேலையை வெட்டுமுன், தையற்காரர் மேசையடித் துண்டுகளில் கையைப் பழக்குங்கள். ஒன்றை முடித்தபின்பே அடுத்ததைத் தொடங்குங்கள். முடித்த சிறு விரிப்பு ஒன்று, முடியாத பெரும் போர்வை பத்தினும் மேலானது.