கேன்சர் மாத்திரை, லூபஸ், அப்புறம் அக்கா கேட்ட கேள்விகள்

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அக்காகிட்ட பர்மிஷன் கேட்டேன். "பேரு சொல்லாத, மத்தபடி என்ன வேணா சொல்லிக்கோ"ன்னு சொல்லிட்டா. அதனால இன்னைக்குப் பேசப்போறது அவளோட கதை, கூடவே கொஞ்சம் ரத்தப் புற்றுநோயோட கதை. இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நானும் முதல்ல அப்படித்தான் கேட்டேன். இன்னொண்ணு, நான் டாக்டர் இல்ல. கோட் எழுதிப் பிழைக்கிறவன். இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம்.

அக்காவுக்கு லூபஸ். நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிலேர்ந்து வர்ற கிருமியைத் தாக்குறதுக்குப் பதிலா சொந்த உடம்பையே தாக்குற ஆட்டோஇம்யூன் நோய்கள்ல ஒண்ணு. அவளுக்கு 2019-ல ஆரம்பிச்சது. கன்னத்துல சிவப்பா தடிப்பு, காலையில எழுந்தா விரலை மடக்க முடியாது, டப்பா மூடியைக்கூடத் திறக்க முடியாது. ருமாட்டாலஜிஸ்ட் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோட மெத்தோட்ரெக்ஸேட்னு ஒரு மாத்திரையும் எழுதிக் குடுத்தார். அம்மாவும் அக்காவும் திருச்சியில ஒரு மெடிக்கல்ல சீட்டைக் குடுத்தாங்க. கவுன்டர்ல இருந்தவர் சீட்டைப் பாத்துட்டு சாதாரணமா கேட்டார்: "இது கேன்சருக்குக் குடுக்கிற மாத்திரையாச்சே, யாருக்குங்க?"

அவ்வளவுதான். அம்மா அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதாங்க. எல்லாரும் சேர்ந்து தன்கிட்ட எதையோ மறைக்கிறோம்னு நெனச்சாங்க. அக்கா மாத்திரையை வாங்கி பீரோவுக்குள்ள வெச்சுட்டு, ரெண்டு வாரம் சாப்பிடவே இல்ல. வீக்கம் அதிகமானதும் திரும்ப டாக்டர்கிட்ட போனா. அவர் ரெண்டே நிமிஷத்துல விளக்கிட்டார். அந்த ரெண்டு நிமிஷம் முதல் நாளே கிடைச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! அவரையும் குத்தம் சொல்ல முடியாது, வெளியில அறுபது பேர் உக்காந்திருந்தாங்க.

அன்னைக்குதான் அக்கா படிக்க ஆரம்பிச்சா.

மெடிக்கல்காரர் சொன்னது பொய் இல்ல. மெத்தோட்ரெக்ஸேட்டோட பூர்வீகம் ரத்தப் புற்றுநோய்தான். செல் வேகமா பெருகணும்னா டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலிக் ஆசிட் வேணும். ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருந்து, உள்ள போய் அந்த வேலையைக் கெடுக்கிற ஒரு போலியைக் குடுத்தா என்ன ஆகும்? பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் அதைத்தான் லுகீமியா வந்த குழந்தைகளுக்குக் குடுத்துப் பாத்தார். 1948-ல வெளிவந்த அவரோட கட்டுரையில 16 குழந்தைகள், அதுல 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்குச்சு. லுகீமியாவை மருந்தால அடக்கவே முடியாதுன்னு இருந்த காலம் அது. அந்த மருந்துக்குப் பேர் அமினோப்டெரின். அதைத் தயாரிச்ச லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தோட தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்துல பொறந்து, நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். ஆங்கிலேயர் காலத்துல கதர் கவுன் போட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனதால பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காம அதைவிடச் சின்னப் பட்டத்தோட வெளிய வந்தவர். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிர்ல அந்த காலேஜைத் தாண்டுறப்ப எல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

அமினோப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கும் இந்தக் குடும்ப மருந்து வேலை செய்யுதுன்னு 1951-லயே கவனிச்சுட்டாங்க. ஆனா அமெரிக்காவுல முடக்குவாதத்துக்கு அது முறையா அனுமதி வாங்கினது 1988-ல. இங்க முக்கியமான விஷயம் அளவு. புற்றுநோய்ல கிராம் கணக்குலகூட நரம்பு வழியா ஏத்துவாங்க. மூட்டுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைக்கும்தான். அந்த அளவுல அது செல்லைக் கொல்றதில்ல, அழற்சியை அடக்குது. அதனாலதான் கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தர்றாங்க. இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன்: இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினசரின்னு தப்பா நெனச்சு சாப்பிட்டா எலும்பு மஜ்ஜை படுத்துடும், உயிரே போகலாம். அக்காவோட சீட்டுல டாக்டர் "ஞாயிறு மட்டும்"னு பெருசா எழுதி வட்டம் போட்டிருக்கார்.

இது ஒரு மருந்தோட கதை மட்டும் இல்ல. நிறைய லுகீமியாவும் லிம்ஃபோமாவும் நோய் எதிர்ப்பு செல்கள் கட்டுப்பாடு இல்லாம பெருகுறதால வருது. ஆட்டோஇம்யூன்ல அதே செல்கள் ஆள் தெரியாம அடிக்குது. வில்லன் ஒரே குடும்பம். ரிட்டுக்சிமாப் 1997-ல லிம்ஃபோமாவுக்கு வந்தது, 2006-ல முடக்குவாதத்துக்கும் அனுமதி வாங்குச்சு.

எதிர்த் திசையிலயும் மருந்து போயிருக்கு. எமிலி ஒயிட்ஹெட்ங்கிற ஆறு வயசுக் குழந்தைக்கு 2012 ஏப்ரல்ல ஃபிலடெல்ஃபியாவுல கார்-டி சிகிச்சை குடுத்தாங்க. லுகீமியா ரெண்டு தடவை திரும்பி வந்து, வேற வழி இல்லாத நிலை. உடம்பிலேர்ந்து டி செல்களை எடுத்து, பி செல்லோட மேல்பரப்புல இருக்கிற சிடி19-ங்கிற அடையாளத்தைத் தேடி அடிக்கிற மாதிரி மரபணுவை மாத்தி, பெருக்கி, திரும்ப ஏத்துறதுதான் இந்த முறை. செல்கள் வேலையை ஆரம்பிச்சதும் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல், வென்டிலேட்டர். ரத்தத்துல ஐஎல்-6ங்கிற பொருள் எக்கச்சக்கமா ஏறியிருந்தது. ஆராய்ச்சிக் குழுத் தலைவர் கார்ல் ஜூனோட மகளுக்குச் சின்ன வயசு மூட்டுவாதம் இருந்ததால, ஐஎல்-6-ஐத் தடுக்க டோசிலிசுமாப்னு ஒரு மூட்டுவாத மருந்து இருக்கறது அவருக்குத் தெரியும். அதைக் குடுத்தாங்க, குழந்தை பிழைச்சா. ஒரு அப்பா தன் மகளோட நோயைப் பத்தின ஆராய்ச்சியைக் கவனிச்சுட்டு இருந்தது இன்னொரு வீட்டுக் குழந்தையைக் காப்பாத்தியிருக்கு. 2017 ஆகஸ்ட் 30 அன்னைக்கு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. முதல் கார்-டி சிகிச்சைக்கு அனுமதி குடுத்தப்ப, அதே நாள்ல டோசிலிசுமாபுக்கும் இந்தப் பக்கவிளைவுக்காக அனுமதி குடுத்தாங்க.

இப்போ அக்காகிட்ட திரும்ப வருவோம். 2024 பிப்ரவரியில அவளுக்கு வாட்ஸ்அப்ல ஒரே நாள்ல நாலு பேர் ஒரே செய்தியை அனுப்புனாங்க: "லூபஸ் குணமாகிவிட்டது!" அதுல ஒருத்தன் நான்.

செய்திக்குப் பின்னாடி இருந்தது ஜெர்மனியில எர்லாங்கன் பல்கலைக்கழகத்துல கியோர்க் ஷெட் குழு செய்த வேலை. லூபஸ்ல சொந்த டி.என்.ஏ.வுக்கே எதிரா ஆன்டிபாடி உருவாகறதுக்குப் பின்னாடி இருக்கறது பி செல்கள்தான். அப்போ லுகீமியாவுக்குச் செய்யற அதே கார்-டியை இங்கயும் பண்ணிப் பாக்கலாமேன்னு யோசிச்சாங்க. 2021-ல 20 வயசுப் பெண் ஒருத்தரைப் பத்தி முதல் அறிக்கை வந்துச்சு. 2024-ல வந்த கட்டுரையில மொத்தம் 15 பேர். அதுல 8 பேருக்கு லூபஸ், மத்தவங்களுக்கு வேற ஆட்டோஇம்யூன் நோய்கள். லூபஸ் வந்த எட்டு பேருக்குமே நோய் அடங்கி, நோய் எதிர்ப்பை அடக்கற மருந்து எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. பி செல்கள் சுமார் நாலு மாசத்துல திரும்ப வந்துச்சு. ஆனா வந்தது புதுசா உருவான, இன்னும் எதையும் தாக்கக் கத்துக்காத செல்கள்.

நான் உற்சாகமா ஃபோன் பண்ணி, "அக்கா, இது ஓஎஸ் ரீஇன்ஸ்டால் மாதிரி! கெட்டுப்போன சிஸ்டத்தைத் துடைச்சுட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுட்டாங்க"ன்னேன்.

"டேய், ரீஇன்ஸ்டால் பண்ணா என் ஃபைல் எல்லாம் போயிடாதா? சின்ன வயசுல போட்ட தடுப்பூசி?"

எனக்குப் பதில் தெரியல. அவளேதான் கட்டுரையில தேடிக் கண்டுபிடிச்சா. ஆன்டிபாடியைத் தொடர்ந்து தயாரிக்கிற பழைய பிளாஸ்மா செல்கள் நிறையப் பேர்கிட்ட சிடி19 இல்லாம எலும்பு மஜ்ஜையில உக்காந்திருக்கும். கார்-டி அதைத் தொடாது. அதனால தடுப்பூசி ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தப்பிச்சுடுது. பேக்கப் டிரைவ் தனியா இருந்திருக்கு.

அடுத்து அவ வழக்கமா கேக்கற கேள்வி: "எத்தனை பேர்?" இந்தக் கேள்வி அவளுக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்றேன். 2020 மார்ச்ல பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல 36 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்தது: கோவிடுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வேலை செய்யுதுன்னு. உலகமே அந்த மாத்திரையைத் தேடி ஓடுச்சு. லூபஸுக்கு அது தினசரிச் சாப்பாடு மாதிரி. அந்த லாக்டவுன்ல அக்காவுக்காக மாமா ஏழு மெடிக்கல் ஏறி இறங்கினார். ஜூன்ல இங்கிலாந்துல சுமார் 4,700 நோயாளிகளை வெச்சு ஒப்பிட்டுப் பாத்து, ஆஸ்பத்திரியில இருக்கிற கோவிட் நோயாளிகளுக்கு அதால பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டாங்க. பிரான்ஸ் கட்டுரையை 2024 டிசம்பர்ல வாபஸே வாங்கிட்டாங்க.

அப்போ 15 பேர் ஆய்வையும் தூக்கிப் போட்டுடலாமா? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. கோவிட் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மருந்தே இல்லாமலும் சரியாகும். அதனால 36 பேர்ல பாதிப் பேர் எழுந்து உக்காந்தா, அதுக்குக் காரணம் மாத்திரைதானான்னு சொல்ல முடியாது, ஒப்பிட சரியான குழு வேணும். எர்லாங்கன்ல இருந்தவங்க வேற. பல மருந்து குடுத்தும் அடங்காத லூபஸ். அப்படிப்பட்ட எட்டு பேர் எல்லா மருந்தையும் நிறுத்திட்டு நல்லா இருக்கறது தானா நடக்கிற விஷயம் இல்ல. அதனால எண்ணிக்கை சின்னதா இருந்தாலும் அந்த செய்திக்கு வெயிட் இருக்கு. ஆனா சின்ன எண்ணிக்கையில ஒண்ணு மட்டும் தெரியவே தெரியாது: அபூர்வமா வர்ற ஆபத்து. ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற பக்கவிளைவு 15 பேர்ல எப்படி மாட்டும்? பிரொடக்‌ஷன்ல விடற வரைக்கும் சில பக் தெரியாதுல்ல, அந்தக் கதைதான்.

அது வெறும் கற்பனையும் இல்ல. கார்-டி எடுத்துக்கிட்ட புற்றுநோயாளிகள் சிலருக்கு அப்புறமா டி செல்லிலேயே புதுப் புற்றுநோய் வந்ததை எஃப்.டி.ஏ. 2023 நவம்பர்ல விசாரிக்க ஆரம்பிச்சாங்க. 2024 ஜனவரியில எச்சரிக்கையை மருந்து லேபிள்லயே போடச் சொன்னாங்க. அந்த ஆண்டு தொடக்கம் வரைக்கும் அவங்க கணக்குல 22 பேர், அமெரிக்காவுல மட்டும் 27,000-க்கும் மேல டோஸ் போயிருந்தது. ரொம்பக் கம்மிதான். எமிலி மாதிரி சாவோட வாசல்ல நிக்கிறவங்களுக்கு இது ஒரு கணக்கே இல்ல. ஆனா மாத்திரையில ஓரளவு அடங்கியிருக்கிற, இன்னும் நாப்பது வருஷம் வாழ வேண்டிய ஒருத்திக்கு? மருந்து ஒண்ணுதான், பேரம் வேற.

அக்காவோட கடைசிக் கேள்விதான் என்னை வாயடைக்க வெச்சது. "இந்த செல்லை ஏத்தறதுக்கு முன்னாடி என்னடா குடுக்கறாங்க?" நான் கட்டுரையோட சுருக்கத்தை மட்டும் படிச்சிருந்தேன். அவ மெத்தட்ஸ் பகுதியைப் படிச்சிருந்தா. புது செல்களுக்கு இடம் பண்ண முதல்ல ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடுனு ரெண்டு கீமோ மருந்து குடுப்பாங்க. சைக்ளோஃபாஸ்ஃபமைடு அளவைப் பொறுத்து கருமுட்டைகளைப் பாதிக்கலாம். அவளுக்கு வயசு 34. அஞ்சு வருஷமா குழந்தைக்குக் காத்திருக்கா. அவ இந்தச் செய்தியை ராத்திரி எல்லாம் உக்காந்து படிச்சதே, மருந்தே இல்லாம இருந்தா குழந்தை பெத்துக்கலாமேங்கிற ஆசையிலதான். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் ஓஎஸ் உதாரணம் சொல்லிட்டிருந்தேன்.

நம்ம ஊர் நிலவரமும் சொல்லிடறேன். ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சது. அமெரிக்காவுல 2017-ல முதல் கார்-டி வந்தப்ப விலை 4,75,000 டாலர். இங்க சுமார் 40 லட்சம் ரூபாய். பெரிய சாதனைதான். ஆனா அந்த அனுமதி பி செல் ரத்தப் புற்றுநோய்களுக்கு, லூபஸுக்கு இல்ல. எங்க பெரியப்பா விலையைக் கேட்டுட்டு "லால்குடி நிலத்தை வித்துடலாமா?"ன்னு நிஜமாவே கேட்டார். இந்த மாதிரி நேரத்துல "லூபஸுக்கும் போடறோம், பணம் கட்டுங்க"ன்னு யாராவது சொன்னா முதல்ல சந்தேகப்படுங்க. இந்தியாவுல நடக்கிற மருத்துவ ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ.ங்கிற அரசுப் பதிவேட்டுல இருக்கணும். யாரை ஆய்வுல சேப்பாங்க, யாரைச் சேக்க மாட்டாங்கன்னு அதுலயே எழுதியிருக்கும். யார் வேணா தேடிப் பாக்கலாம்.

அக்கா அந்தக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துட்டுத்தான் டாக்டர்கிட்ட போனா. சாதாரணமா பிரிண்ட்டோட வர்ற பேஷன்ட்டைப் பாத்தா டாக்டர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். இவர் உக்கார வெச்சுப் பேசினார். "உங்க நிலைமைக்கு இப்ப இது தேவையே இல்லம்மா. நீங்க கேக்க வேண்டியது வேற கேள்வி"ன்னார். மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்கு ஆகாது, அதை முன்கூட்டியே நிறுத்தணும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை கர்ப்பத்துலயும் தொடரணும். மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதிலா கர்ப்பத்துல எடுத்துக்கக்கூடிய அஸாதயோப்ரின். லூபஸ் குறைஞ்சது ஆறு மாசம் அமைதியா இருந்தா முயற்சி பண்ணலாம். இது எதுவும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் ஆகற செய்தி இல்ல. இதெல்லாம் வழக்கமான மருத்துவம். அந்த 15 பேர் கட்டுரை இல்லன்னா அவ இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டா.

இப்போ நாலாவது மாசம் ஓடுது. மாமா காலண்டர்ல ஒவ்வொரு மாசமும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வர்ற நாளை டிக் பண்றார். நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு அக்காகிட்டேர்ந்து ஒரு லிங்க், புதுக் கட்டுரை. கீழ ஒரே வரி: "தலைப்பை விடு. எத்தனை பேர், எத்தனை மாசம்னு பாத்து சொல்லு."