எவர்சில்வர் குழாயும் உப்புத் தண்ணியும்

அனுப்பர்பாளையம் என்றாலே பித்தளை, செம்புப் பாத்திரம்தான். தகட்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட உலோகம் விறைத்துப்போகும். அதனால் நடுநடுவே நெருப்பில் காய்ச்சி, இளக்கி, மறுபடி தட்டுவார்கள். அந்தக் காய்ச்சல் எதற்கு என்று தேடப் போய், சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய்களில் வந்து நின்றேன்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த கலப்பு உலோகம். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்தியாவில் ஒரு தலைவலி. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறை தானாகவே விரிசல் விட்டது. காரணம் தெளிவானது 1921-ல். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா ஒரு பக்கம். உறையை அச்சில் இழுத்துச் செய்தபோது உள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் விரிசல். காய்ச்சினால் அந்த இழுவிசை தளர்ந்துவிடும். பட்டறைக்காரருக்கு இது கைப்பழக்கம், நமக்கு ஆராய்ச்சி!

சரி, இதுக்கும் சாயக்கழிவுக்கும் என்ன சம்பந்தம்?

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கிட்டத்தட்ட முழுசும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நொய்யல் அப்படித்தான் கெட்டது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. இப்போது கழிவை ஆர்.ஓ.வில் வடிகட்டுகிறார்கள். அதில் மிஞ்சும் கெட்டியான உப்புநீர் ஆவியாக்கிக்குப் போகிறது. அங்கே நீளமான குழாய்களுக்குள் உப்புநீர், வெளியே நீராவி.

வேடிக்கை என்னன்னா, இந்த நீராவியைத் தரும் பாய்லருக்குக் கலப்பு உலோகக் குழாயே தேவையில்லை. 10 பார் அழுத்தத்தில் நீராவி 180 டிகிரி சொச்சம்தான். சாதாரண கார்பன் ஸ்டீல் தாங்கும். 500 டிகிரி தாண்டும் அனல்மின் நிலையங்களில்தான் குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல் வேண்டும். நம்ம ஊரில் சூடு பிரச்சினை இல்லை, உப்புதான்.

நல்ல எவர்சில்வர் பாத்திரம் 304 ரகம்: 18% குரோமியம், 8% நிக்கல். குரோமியம் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிக் காப்பாற்றும். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். சுமார் 60 டிகிரிக்கு மேல், இழுவிசையும் இருந்தால், அந்த இடத்தில் விரிசல் ஓடும். 2% மாலிப்டினம் சேர்ந்த 316-ம் முழுசாகத் தப்பாது. குழாயின் முனையைத் தடித்த தகட்டின் துளைக்குள் விரித்து இறுக்குவார்கள் இல்லையா, இழுவிசை தங்குவது அங்கேதான். அதே தோட்டா கதை!

சோடியம் சல்பேட் உப்புக்கு மாறினால் ஆபத்து குறையும், ஆனால் நிலத்தடி நீரிலேயே குளோரைடு இருக்கிறது. அதனால் 22% குரோமியம் உள்ள டூப்ளெக்ஸ், அல்லது டைட்டானியம். விலையைக் கேட்டால் மனசு 316 பக்கம்தான் போகும்.

ஒழுகும் குழாயை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு ஓட்டுவது வழக்கம். பத்து, இருபது என்று அடைக்க அடைக்க ஆவியாக்கும் அளவு குறையும், தொட்டியில் உப்புநீர் ஏறும். அது நிறைந்தால் சாயப்பட்டறையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நொய்யல் இருக்கிறது.