கிளைமரம்: வரையும் முறையும் படிக்கும் முறையும்

உயிர்கள் அனைத்தும் ஒன்றோடொன்று உறவுடையன என்பதும், அவ்வுறவைக் கிளைத்துப் படர்ந்த மரத்தின் வடிவில் காட்டலாம் என்பதும் உயிர்நூலின் அடிப்படைக் கொள்கைகளாகும். இக்கொள்கைக்கும் இம்மலேசிய மண்ணிற்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 1855-ஆம் ஆண்டில் சரவாக்கில் தங்கியிருந்த ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர், புதிய உயிரினம் ஒவ்வொன்றும் தன்னோடு நெருங்கிய உறவுடைய முந்தைய இனமொன்றை இடத்தாலும் காலத்தாலும் ஒட்டியே தோன்றுகின்றது என்று எழுதினார். அவ்வுறவிற்குக் கிளைவிட்ட மரத்தையே உவமையாக்கினார். சார்லஸ் டார்வினோ 1837-இலேயே தம் குறிப்பேட்டில் அத்தகைய மரமொன்றைக் கோட்டுருவாக வரைந்திருந்தார். 1859-இல் வெளிவந்த அவரது ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில் இடம்பெற்ற ஒரே படமும் கிளைப்படமே.

தமிழறிஞர் சிலர் ‘கூர்தலறம்’ எனப் பெயரிட்டழைத்த இப்பரிணாமத்தைப் படமாக வரைதல் முன்னாளில் வல்லுநர்க்கே உரிய தொழிலாக இருந்தது. இந்நாளில் இணையத் தொடர்புடைய கணினி ஒன்றிருப்பின், எளிய பள்ளியிலும் இதனைச் செய்யலாம். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இவிட்சா லெட்டுனிச், பியர் போர்க் என்னும் இருவர் உருவாக்கிய ‘ஐடோல்’ என்பது இவ்வகைக் கருவிகளுள் ஒன்று. இது 2007-இல் அறிஞருலகிற்கு அறிமுகமாயிற்று. வேலையைச் சேமித்து வைத்தல் போன்ற சில வசதிகளுக்குச் சந்தா உண்டெனினும், மரமொன்றை ஏற்றிக் காண்பதற்குக் கட்டணமில்லை.

கருவிக்கு மரத்தை எவ்வாறு அறிவிப்பது? அதற்கென ஓர் எழுத்துமுறை உண்டு. ‘நியூவிக்’ முறை என்பது அதன் பெயர். 1986-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கூடிய அறிஞர் சிலர் இதனை வகுத்தனர். அவர்தம் இறுதிக் கூட்டம் நியூவிக் என்னும் கடலுணவு விடுதியில் நடந்தமையால் அப்பெயர் வந்தது. பிறை அடைப்பும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அறிந்த மாணவன் எவனும் இதனைக் கற்கலாம். நெருங்கிய உறவினர் இருவரை ஓர் அடைப்பிலிட வேண்டும். அடுத்த உறவினரைச் சேர்த்து வெளியே மற்றோர் அடைப்பிட வேண்டும். முடிவில் அரைப்புள்ளி வைக்க வேண்டும். காட்டாக:

(((மனிதன்,சிம்பன்சி),கொரில்லா),ஓராங்_ஊத்தான்);

பெயரினிடையே வெற்றிடம் விடலாகாது. அதற்கீடாக அடிக்கோடு இடுதல் மரபு. பெயருக்குப்பின் முக்காற்புள்ளியிட்டு எண்ணொன்று எழுதினால், அது கிளையின் நீளத்தைக் குறிக்கும். இவ்வரியைக் கருவியின் பெட்டியிலிட்டால் மரம் திரையில் தோன்றும். அதனை நேர்கோட்டு வடிவிலும் வட்ட வடிவிலும் மாற்றலாம், கிளைகளைச் சுழற்றலாம், படமாக இறக்கி அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம்.

வரைதல் எளிது; படித்தலே அரிது. ஆசிரியர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. நுனியிலுள்ள பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்து, அவ்வரிசையையே உயர்வு தாழ்வு வரிசை எனக் கொள்வது மாணவரிடையே பரவலான பிழை. 1874-இல் எர்னஸ்ட் ஹெக்கல் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தில் மனிதன் பெருமரமொன்றன் உச்சியில் வைக்கப்பெற்றான். மரத்தை ஏணியாகக் கருதும் எண்ணத்திற்கு அத்தகைய படங்களும் துணைசெய்தன. உண்மையில் நுனியில் நிற்பன அனைத்தும் இன்று வாழ்வன. அவற்றுள் ஒன்று மற்றொன்றிற்குப் பாட்டனாகாது. மேற்காட்டிய வரியை,

(ஓராங்_ஊத்தான்,(கொரில்லா,(சிம்பன்சி,மனிதன்)));

என்று திருப்பி எழுதினாலும் பொருள் மாறுவதில்லை. உறவு வரிசையில் இல்லை, கிளை பிரியும் கணுவில் இருக்கின்றது. கணு என்பது பொது மூதாதை. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்த கணு ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது; ஓராங் ஊத்தான் பிரிந்த கணு அதனினும் மிகப் பழையது. ஆதலின் சிம்பன்சிக்கு ஓராங் ஊத்தானைவிட மனிதனே நெருங்கிய உறவு. ‘குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான் எனின், குரங்கு இன்னும் ஏன் இருக்கின்றது?’ என்னும் வினாவிற்கும் விடை இதிலேயே அடங்கியுள்ளது. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அன்று, பங்காளி.

இம்முறை மொழிகட்கும் பொருந்தும். ஆகஸ்ட் ஷ்லைக்கர் 1853-இலேயே இந்தோ-ஐரோப்பிய மொழிகட்கு மரம் வரைந்தார். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவினார். 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று, 20 திராவிட மொழிகளின் சொற்களைக் கணினியால் ஒப்பிட்டு, அக்குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் எனக் கணித்தது. அறிஞர் பலரும் ஒப்பும் உறவை நான்கு மொழிகட்கு மட்டும் எழுதினால்,

(((தமிழ்,மலையாளம்),கன்னடம்),தெலுங்கு);

என்றாகும். தெலுங்கும் கன்னடமும் தமிழினின்றே பிறந்தன என்று மேடைகளிலும் வகுப்புகளிலும் கூறுவாருளர். இம்மரமோ அவ்வாறு கூறவில்லை. நான்கும் பொதுவான தொல்மொழி ஒன்றன் வழிவந்தவை என்றே கூறுகின்றது. இதனால் தமிழின் பெருமைக்கு யாதொரு குறையுமில்லை. திராவிட மொழிகளுள் மிகப் பழைய இலக்கியம் உடையது தமிழே. ஆயினும் இலக்கியத்தின் தொன்மை வேறு, கிளை பிரிந்த முறை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கற்பிக்கும் ஆசிரியரிடம் பயின்ற மாணவன், பின்னாளில் உண்மையறியும்போது தமிழாசிரியர் சொல்லிய பிறவற்றையும் ஐயுறுவான்.

கருவியின் எல்லையையும் மறத்தலாகாது. ஐடோல் மரத்தைக் காட்டுமேயன்றி, உறவைக் கண்டறிந்து தராது. மரபணு எழுத்துக்களையோ சொற்களையோ ஒப்பிட்டு உறவைக் கணிப்பது வேறு மென்பொருள்களின் பணி. பிழையான அடைப்பைக் கொடுத்தால் பிழையான மரத்தையும் அது அழகாகவே வரைந்து தரும். மேலும், ஒரு மொழி மற்றொன்றினின்று கடன்கொண்ட சொற்களை இவ்வெளிய மரம் காட்டாது.

எனவே முதற்கண் மாணவர் கரும்பலகையில் தம் கையால் அடைப்பிட்டு எழுதுக. ஏன் இவ்விரண்டை ஓர் அடைப்பிலிட்டாய் என்று ஆசிரியர் வினவுக. காரணம் கூறிய பின்னரே கணினியை நாடுக. காரணம் கேட்கப்பெறாத மரம் சுவரை அழகு செய்யுமேயன்றி அறிவை வளர்க்காது.